குதிரைச் சாணிக்கு ஆதாரம்

நீடர்மாட்
21.07.2025

மதுஜா என்ற பெண்பிள்ளைக்கு,

நீங்கள் யாருடைய மகள், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. குதிரைக் கொட்டில் வைத்திருக்கும் கமக்காரரின் மனைவி உங்கள் பெயரை மட்டும் சொன்னா. தொலைபேசி எண் தரமாட்டாவாம். கடிதம் என்றால் உங்கள் பெட்டியில் போட்டுவிடுவாவாம். "அந்தப் பாதையால ஒவ்வொரு நாளும் போறது உங்கட நாட்டுப் பிள்ளைதான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னா. நான் டொச் பாஷையில் சண்டை பிடிக்க வசனமெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் வீண். ஒரு வகையில் நல்லதுதான். முப்பத்து நாலு வருஷம் சுவிஸில் இருந்தும் எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை, ஆடி முதல் வெள்ளி, நானும் என் மனைவி ஜெயகௌரியும் திரிம்பாக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஜெயகௌரிக்குப் போன வருஷம் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கக் கையும் காலும் இன்னும் சொல்வழி கேட்பதில்லை. பஸ்ஸில் ஏறி இறங்கினால் சனம் பார்க்கும் என்று வரமாட்டா. வாயும் கொஞ்சம் கோணிவிட்டதால் தன்னைப் படம் எடுக்கவும் ஒருவரையும் விடமாட்டா. நான் அலைந்து திரிந்து, முன்னால் இருக்கை வைத்த மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். முன்னுக்கு இரண்டு சில்லு, அவ அதில் சாய்ந்து இருப்பா, பின்னால் இருந்து நான் மிதிப்பேன், பற்றரியும் கொஞ்சம் தள்ளும். அவ அதற்குத் தேர் என்று பெயர் வைத்தா. வருத்தம் வந்த பிறகு அவ விட்ட முதல் பகிடி அது.

அன்றைக்குத்தான் தேர் முதன்முதலாக வெளிக்கிட்டது. பச்சைப் பட்டுச் சேலை, தலையில் பூ. வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தா. சிவப்புப் பலகை போட்ட, சைக்கிள் ஓடுவதற்கென்றே விட்ட பாதை அது. சோளத் தோட்டத்து வளைவில் திரும்பினால் நட்ட நடுவில் குதிரைச் சாணி. ஒரு கடகம் நிரம்பும். முதல் நாள் மழையில் ஊறிக் கிடந்தது. பிரேக் பிடித்தேன். சில்லு வழுக்கி, தேர் ஒரு பக்கம் சரிந்து, அவ இருக்கையிலிருந்து வழுகி நேரே அதற்குள் விழுந்தா.

எலும்பு முறியவில்லை, அம்மன் காப்பாற்றினா. ஆனால் அந்தக் கோலத்தோடு கோயிலுக்கு எப்படிப் போவது? மாட்டுச் சாணி என்றால் பிள்ளையார் பிடித்து அறுகம்புல்லுக் குத்தலாம். குதிரைச் சாணியில் எதைப் பிடிக்கிறது? "வீட்ட போவம்" என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. தேர் நிலவறையில் சீலை மூடி நிற்கிறது.

இந்த ஊரில் நாய் வைத்திருக்கிறவர்கள் நாய் போனதைப் பையால் அள்ளி, முடிச்சுப் போட்டு, பச்சைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள். நாய் எவ்வளவு, குதிரை எவ்வளவு? குதிரைக்கு மட்டும் ரோட்டில் இருக்க யார் உரிமை கொடுத்தது? அதுவும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் கண்டறியாத குதிரையோட்டம் எதற்கு?

ஆதாரம் இல்லாமல் கதைக்கிறவன் நான் இல்லை. தனிக் கவரில் மூன்று படம் வைத்திருக்கிறேன். அளவு தெரிய, பக்கத்தில் என் பேனையையும் வைத்து எடுத்தேன். நீங்கள் வீட்டுக்கு வந்து ஜெயகௌரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தப் பாதையில் இனிக் குதிரை ஓடக்கூடாது.

இப்படிக்கு,
க. தவச்செல்வன்


ஓல்டன்
26.07.2025

திரு. தவச்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொட்டிலில் நின்றே வாசித்தேன். 

முதலில், அன்ரி எப்படி இருக்கிறா? அவ விழுந்ததற்கு உண்மையாகவே கவலைப்படுகிறேன். அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

நான் இங்கே பிறந்தவள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதக் கவரின் பின்னால் உங்கள் தொலைபேசி எண் இருந்தது. நான் எடுக்கமாட்டேன். எடுத்தால் நீங்கள் அங்கிள், நான் பிள்ளை. "ஆற்ற மகள், எந்த ஊர்" என்று தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் நான் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். எழுதினால் என்னுடைய வசனத்தையும் நான் முடிக்கலாம்.

அந்தக் கொட்டிலில் ஏழு குதிரைகள் நிற்கின்றன. ஏழும் அந்தப் பாதையால்தான் போகின்றன, ஏனென்றால் மறுபக்கம் தண்டவாளமும் பெரிய வீதியும். என் குதிரையின் பெயர் லாஸ்கோ. கிழவன், இப்போது மெல்ல நடக்க மட்டும்தான் முடியும். சவாரி முடிந்ததும் குதிரையைக் கட்டிவிட்டு, வாளியும் சவளும் எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்து போய் அள்ளுகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் "அது வெறும் புல்லுத்தானே, காய்ந்தால் போய்விடும்" என்கிறார்கள். அள்ளாதவர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு, அள்ளுகிறவளைத் தேடிப் பிடித்து நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். காரணம், அவள் தமிழ். வெள்ளைக்காரிக்கு எழுதுவதற்கு உங்களுக்கு வசனம் வரவில்லை.

சைக்கிள்காரரைப் பற்றியும் நான் எழுதலாம்தானே. மணி அடிக்கமாட்டார்கள். பற்றரிச் சைக்கிளில் சத்தமே இல்லாமல் பின்னால் பறந்து வருவார்கள். தனக்குப் பின்னால் என்ன வருகிறது என்று குதிரைக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முதல் ஒருவர் என் முழங்காலை உரசிக்கொண்டு போனார். லாஸ்கோ துள்ளி, நான் விழுந்து, காறை எலும்பு முறிந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நான் தாரில் கிடந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது போதாது என்று எங்கள் ஆட்கள் காரை நிறுத்தி, "எங்க தங்கச்சி, படையெடுப்போ" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இப்போது நீங்களும் "கண்டறியாத குதிரையோட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

படக் கவரை நான் திறக்கவில்லை. குதிரைச் சாணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னுடையது இல்லாததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

மதுஜா


நீடர்மாட்
30.07.2025

பிள்ளை மதுஜா,

குதிரை கீழே தள்ளினதுமல்லாமல் குழியும் பறித்ததாம். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. விழுந்தது என் மனைவி, பிழை சைக்கிள்காரரில்.

உங்கள் காறை எலும்பை முறித்தவன் நான் இல்லை. மணி அடிக்காமல் நான் ஒருவரையும் முந்தினதில்லை, வாத்துக்குக்கூட அடிப்பேன். எவனோ செய்ததை என் தலையில் கட்டாதீர்கள். நீங்கள் தினமும் அள்ளுகிறவர் என்றால், அன்றைக்கு அங்கே கிடந்தது வானத்திலிருந்து விழுந்ததோ?

அள்ளுவது எப்படி என்று காட்ட நானே வெளிக்கிட்டேன். நேற்று வேலைக்குப் போக முதல் சவளும் உரப்பையும் கொண்டுபோய், அந்தப் பாதையில் கிடந்த முழுவதையும் அள்ளி, உங்கள் கொட்டில் வாசலில் கொட்டிவிட்டு வந்தேன். நான் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. கைகழுவித் தீரவில்லை. அங்கே ஒரு கிழவி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "உனக்குக் குதிரை இருக்கா" என்று ஆசையாகக் கேட்டா. உங்கள் பொருள் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இனி முக்கியமானதுக்கு வாறேன். ஜெயகௌரி வெளியில் வருகிறா இல்லை. போன வெள்ளிக்கும் கேட்டேன், "வேண்டாம்" என்றா. யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறா, ஆனால் வெளியில் பார்ப்பதில்லை. வைத்தியர் நடக்க வேண்டும், நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இப்படியே இருந்தால் வலப்பக்கமும் மறந்துவிடுமாம். கோயில் ஒன்றுதான் அவ ஆசைப்பட்டு வெளிக்கிட்ட இடம். உங்கள் குதிரை அதையும் இல்லாமல் செய்துவிட்டது.

அவவுக்குத் தைரியம் சொல்ல, நான் அந்த மூன்று படத்தையும் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "பாரும், எல்லாம் கையில இருக்கு, நான் சும்மா விடமாட்டன்" என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டா. சாணியைக் காண அவ்வளவு அருவருப்பு அவவுக்கு.

படத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கதையுங்கள்.

தவச்செல்வன்


ஓல்டன்
03.08.2025

அங்கிளுக்கு,

பார்த்தேன்.

சாணி லாஸ்கோவினதுதான். பேனை வைத்த படத்தில் முழு ஓட்ஸ் மணிகள் தெரிகின்றன. பல் தேய்ந்து, சப்பாமல் விழுங்குகிற கிழவன் அந்தக் கொட்டிலில் அவன் ஒருவன்தான். வியாழக்கிழமை மாலை இடியோடு மழை வந்தது. அவனை இழுத்துக்கொண்டு வந்து கட்டினேன், வாளியோடு திரும்பிப் போகவில்லை. காலையில் அள்ளுவோம் என்று நினைத்தேன். விடுமுறை, நித்திரையாகிவிட்டேன். ஆகவே அன்ரி விழுந்தது என்னால். போன கடிதத்தில் நான் எழுதியது பிழை. நீங்கள் விட்டால் நேரில் வந்து அவவிடம் மன்னிப்புக் கேட்பேன். வாசலில் நீங்கள் கொட்டியதையும் நான்தான் அள்ளினேன். அது சரிதான்.

ஆனால் அங்கிள், அந்த மூன்று படத்தையும் மேசையில் வரிசையாக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல் படத்தில் சாணிக்குப் பின்னால் பச்சைச் சேலையின் கரை. இரண்டாவதில் ஒரு செருப்பு, ஒரு கால். மூன்றாவதில், பேனை வைத்திருக்கிற படத்தில், மேல் மூலையில் பாதிக் கை. வளையல் தெரிகிறது. தாரில் ஊன்றியிருக்கிறா போல.

மூன்று படத்திலும் அன்ரி கீழேதான் இருக்கிறா.

அவவை எப்போது தூக்கினீர்கள்? முதல் படத்துக்குப் பிறகா, பேனை வைத்த பிறகா? சைக்கிளைத் தள்ளி வைத்து, போனை எடுத்து, குனிந்து, பக்கத்தில் பேனை வைத்து, கிட்டப் போய், தூரப் போய் எடுத்திருக்கிறீர்கள். என்னை விழுத்தியவர் திரும்பிப் பார்க்காமல் போனார் என்று எழுதினேன். நீங்கள் போகவே இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டு சாணியைப் பார்த்தீர்கள். எனக்கு இதை எழுத ஆத்திரமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அச்சடித்துக் கொண்டுபோய் அவவிடமே காட்டியிருக்கிறீர்கள். முகத்தைத் திருப்பியது சாணியைக் கண்டுதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

மதுஜா


நீடர்மாட்
05.08.2025

மதுஜாவுக்கு,

உன் வயது என்ன, என் வயது என்ன? குற்றத்தை ஒப்புக்கொண்டாய், அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க உன்னை ஆர் கேட்டது?

அவவுக்குப் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து தலை வாரி இழுத்துவிடுகிறது நான். சோறு பிசைந்து கொடுக்கிறது நான். சேலைக் கொய்யகம் பிடிக்கப் படம் பார்த்துப் பழகினவன் நான். அந்தப் பச்சைச் சேலையை அன்றைக்கு உடுத்திவிட்டதும் நான்தான், கழுவினதும் நான்தான். குதிரைக்கு மயிர் வாருகிற உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

பேனை எதற்கு என்று கேட்கிறாய். சொல்கிறேன், கேள். நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போனபோது உன்னைவிடச் சின்னவன். என் தமையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், என்னையும் அடித்தார்கள் என்று சொன்னேன். ஆதாரம் கேட்டார்கள். சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினேன். மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் ஆள்தான், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "தம்பி, அது சின்னனில விழுந்த காயமாவும் இருக்கலாமாம்." நம்பத் தகுந்ததாக இல்லை என்று கடிதம் வந்தது. எத்தனையோ வருஷம் இழுத்த பிறகுதான் இருக்க விட்டார்கள். தமையன் திரும்பி வரவே இல்லை. அதற்கும் என்னிடம் ஒரு துண்டு ஆதாரம் கிடையாது.

அதற்குப் பிறகு நான் பஸ் டிக்கெட்டைக்கூட எறிவதில்லை. இங்கே படம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் அவவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், பின்னால் ஒரு ட்ராக்டர் வந்து அதை நெரித்துக்கொண்டு போயிருந்தால், நீ இன்றைக்கும் "என்னுடையது இல்லை" என்றுதான் எழுதிக்கொண்டிருப்பாய். முதல் கடிதத்தில் அப்படித்தானே எழுதினாய்? படம் இருந்தபடியால் ஒப்புக்கொண்டாய். பேனை இருந்தபடியால் ஓட்ஸ் தெரிந்தது. இப்போது அதே படத்தை வைத்து எனக்கே வழக்குச் சொல்ல வருகிறாய்.

வீட்டுக்கு வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

தவச்செல்வன்


நீடர்மாட்
31.08.2025

மதுஜாப் பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றவனே எழுதுகிறேன். சிரிப்பாய், சிரி.

உன் கடிதத்தைக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை என்று உனக்குத்தான் தெரியுமே. குசினி லாச்சிக்குள் போட்டு வைத்தேன். நான் வேலைக்குப் போன நேரம் ஜெயகௌரி எடுத்து வாசித்திருக்கிறா. எனக்குச் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் சும்மா இருந்துவிட்டு, நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, "அந்தப் பிள்ளைக்கு நல்ல கண்" என்றா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன கண்? உமக்காகத்தானே எல்லாம் செய்தனான். ஆதாரம் இல்லாட்டி எங்களை ஆர் நம்பப்போறாங்கள்?" என்று கத்தினேன்.

அவ இப்போது கதைக்க நேரமெடுக்கும், ஒவ்வொரு சொல்லாய்த்தான் வரும். நான் குறுக்கே பாய்ந்தால் நிறுத்திவிடுவா. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"சாணி கழுவப் போயிட்டுது," என்றா. "நீங்கள் பேனையைத் தேடினியள். சேட்டுப் பையில பாத்தியள். பிறகு காற்சட்டைப் பையில. பிறகு சைக்கிள் பையைத் திறந்தியள். நான் கையை நீட்டிக்கொண்டு கிடந்தனான்."

அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணியைக் குடித்தா.

நான் அறைக்குள் போய் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஊன்றியிருக்கிற கை என்று நீ எழுதினாய், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிள்ளை, அது ஊன்றவில்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கிறது. விரல் விரிந்திருக்கிறது. நான் அச்சடித்து, பெரிதாக்கி, அவவிடமே கொண்டுபோய்க் காட்டின படம். இத்தனை நாளும் நான் அதில் ஓட்ஸை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆரில் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உன்னிலும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முப்பது வருஷத்துக்கு முதல் மேசையைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தவரிலும் இருக்கிறது. என்னை விசரனாக்கிவிட்டார்கள்.

நீ வருவதாக எழுதியிருந்தாய். வரட்டாம், அவ சொல்லச் சொன்னா. ஆற்ற மகள், எந்த ஊர் என்று நான் கேட்கமாட்டேன். அவ கேட்பா, அதை என்னால் தடுக்க முடியாது.

தவச்செல்வன்


ஓல்டன்
14.09.2025

அன்புள்ள அங்கிளுக்கு,

உங்களுக்கு வேலை நாளாகப் பார்த்துத்தான் அன்ரியிடம் வந்தேன். அன்ரி சொல்லியிருப்பா. என் அம்மாகூட என்னை அப்படி ஏசியதில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வருவதால் தப்பி ஓடவும் வழியில்லை. "மழை எண்டா, குடை பிடிச்சுக்கொண்டு, போய், அள்ளியிருக்க வேணும்" என்று சொல்லி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் இருக்கச் சொன்னா. பிறகு ஆற்ற மகள் என்று கேட்டா. இரண்டு கேள்வியில் என் பெரியம்மாவைத் தெரிந்தவ ஆகிவிட்டா.

இப்போது என்னுடைய கோபத்தைக் கேளுங்கள். நான் அந்தச் சோளத் தோட்டத்து வளைவில் கமக்காரரிடம் கேட்டு ஒரு கம்பம் நட்டு, வாளியும் சவளும் தொங்கவிட்டு, "உங்கள் குதிரை போட்டதை நீங்கள் அள்ளுங்கள்" என்று டொச்சில் பலகை எழுதி வைத்தேன். கொட்டிலில் ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. ஒருத்தி மட்டும் கதைத்தாள். "உங்கள் ஊரில் குதிரையே இல்லையே, நீ எங்களுக்குப் படிப்பிக்கிறாயா" என்றாள். நான் இங்கே, ஆரா நகரில் பிறந்தவள், எங்கள் ஊரில் நிறையக் குதிரை என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் வாளியைக் காணவில்லை. ஒரு சைக்கிள்காரர் அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனதைக் கமக்காரரின் மனைவி கண்டிருக்கிறா. அள்ளச் சொன்னால் குதிரைக்காரருக்குக் கோபம், அள்ள வைத்ததைச் சைக்கிள்காரர் களவெடுக்கிறார். நான் ஆருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. நான் வெளிக்கிடும்போது அன்ரி, "உம்மட குதிரையைக் கொண்டு வந்து காட்டுவீரோ?" என்று கேட்டா. கொண்டுவர மாட்டேன் என்றேன். லாஸ்கோவால் பெரிய வீதியைக் கடக்க ஏலாது, பார்க்க ஆசையென்றால் நீங்கள்தான் வர வேண்டும் என்றேன். அவ யன்னலால் கீழே, நிலவறைப் பக்கம் பார்த்தா.

தேரின் சீலையை எடுத்துத் தூசி தட்டி வையுங்கள். பிரேக்கையும் ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் அவவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? நான் கேட்டேன், அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மதுஜா


நீடர்மாட்
28.09.2025

அன்புள்ள மதுஜாவுக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில். கேட்டேன். எப்படிக் கேட்டேன், அவ என்ன சொன்னா என்பதெல்லாம் உனக்கு எழுதமாட்டேன். வகுப்புப் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் கேட்கிற மாதிரிக் கேட்காதே.

நேற்று முன்தினம், நவராத்திரி வெள்ளி, தேர் வெளிக்கிட்டது. நான் கேட்கவில்லை. காலையில் அவவே அலுமாரியைத் திறந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. வேறு சேலை உடுப்போமே என்றேன். "இது கழுவினதுதானே" என்றா. கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது குதிரையைப் பார்க்க வேண்டுமாம். பிரேக் புதிதாகப் போட்டிருக்கிறேன். மணியும் பெரிதாக ஒன்று வாங்கிப் பூட்டியிருக்கிறேன், உன் கிழவனுக்கும் கேட்கும்.

சோளம் வெட்டிவிட்டார்கள், அந்த வளைவு இப்போது தூரத்திலேயே தெரிகிறது. தெரிந்தது என்ன? திரும்பவும் சாணி. உன் பலகைக்கு நேர் கீழே. எழுதி வைத்ததை வாசித்துவிட்டுப் போட்டது போல. எனக்கு உச்சியில் அடித்தது. இந்தக் கோதாரி விழுந்த பாதையில் ஒரு நாளாவது ஒரு மனுசன் நிம்மதியாகப் போகலாமோ? தேரை மெல்ல நிற்பாட்டி, இறங்கினேன். முன்னுக்குப் போய் முதலில் அவவுக்குப் புதிதாகப் பூட்டின இருக்கைப் பட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. காலை மிதிப்பலகையில் சரியாக வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சாணிப் பக்கம் திரும்பினேன். புதிது. ஓட்ஸ் இல்லை. உன்னுடைய கிழவன் இல்லை, அந்தக் கொட்டிலில் நல்ல பல்லுள்ள ஏதோ ஒன்று. வாளி இல்லாததால் சவளால் வழித்துக் கரையில் தள்ளினேன். தள்ளும்போது எனக்குத் தெரிந்த டொச் தூஷணம் முழுவதையும் சொன்னேன், ஆளில்லாத வெளிதானே.

அவ தேரில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"ஏன், படம் எடுக்கேல்லையோ?" என்றா.

"இல்லை."

"போன் கொண்டரேல்லையோ?"

"கொண்டந்தனான்."

நான் சவளைக் கம்பத்தில் மாட்டினேன். திரும்பிப் பார்த்தால், வலது கையால் சேலைத் தலைப்பை இழுத்து இடது தோளில் சரிசெய்துகொண்டிருந்தா. பூவையும் தொட்டுப் பார்த்தா.

"அப்ப என்னை எடுங்கோ," என்றா.

எடுத்தேன். ஒன்றுதான் எடுக்க முடிந்தது, அதுவும் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது. வாய்க் கோணல் தெரிகிறது. அவ பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றா. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். குதிரையைப் பார்க்க வந்தபோது உன்னைக் காணவில்லை, கமக்காரரின் மனைவிதான் காட்டினா. அடுத்த வெள்ளி நில். லாஸ்கோவுக்குக் கரட் சீவித்தான் கொண்டுவர வேணுமாம், முழுதாகக் கொடுத்தால் சப்பமாட்டானாம், ஜெயகௌரி சொல்கிறா.

அந்தச் சாணி ஆருடைய குதிரையினது என்று கொட்டிலில் விசாரித்து, விடாமல் கேட்டு, எனக்கு எழுது. என்னிடம் அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

தவச்செல்வன்